தேசிய அணியின் பின்னால் ஊர் ஊராக: கால்பந்துத் தொடருக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உலகக் கோப்பை, யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), ஆசியக் கோப்பை, ஆப்பிரிக்கக் கோப்பை, தென் அமெரிக்காவின் கோபா அமெரிக்கா என்று எந்தத் தொடராக இருந்தாலும், தன் அணியை நேரில் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். உதாரணங்களில் பாதியை 2026 உலகக் கோப்பையிலிருந்து எடுத்திருக்கிறேன். 3 நாடுகள், 16 நகரங்கள், 48 அணிகள், 104 ஆட்டங்கள். ஒரு ரசிகரை எத்தனை விதமாகக் குழப்ப முடியுமோ அத்தனையும் அதில் இருக்கிறது.

எப்போது திட்டமிட ஆரம்பிப்பது?

குழுக்களைப் பிரிக்கும் குலுக்கல் நடக்கிற நாள்தான் உண்மையான தொடக்கம். அதுவரை உங்கள் அணி எந்த ஊரில், எந்தத் தேதியில் ஆடும் என்று யாருக்கும் தெரியாது. போட்டியை நடத்தும் நாட்டின் அணி மட்டும் இதற்கு விலக்கு. 2024 யூரோவுக்கு 2023 டிசம்பர் 2-ல் குலுக்கல், 2024 ஜூன் 14-ல் முதல் ஆட்டம். 2026 உலகக் கோப்பைக்கு 2025 டிசம்பர் 5-ல் குலுக்கல், ஜூன் 11-ல் முதல் ஆட்டம். ஆக, கையில் இருப்பது ஆறு மாதம். போதுமான அவகாசம்தான். ஆனால் குலுக்கல் முடிந்த அன்று இரவே மற்றவர்களும் அறை தேடத் தொடங்கிவிடுவார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

பிளே ஆஃப், அதாவது மிச்சமுள்ள இடங்களுக்கான கடைசித் தகுதி ஆட்டங்கள் வழியாக உள்ளே வரும் அணிகளின் ரசிகர்கள்தான் பாவம். 2026-ல் கடைசி 6 இடங்கள் மார்ச் இறுதிக்கு விடப்பட்டன. விசா, விமானம், டிக்கெட், விடுப்பு எல்லாவற்றையும் இரண்டரை மாதத்துக்குள் அடைக்க வேண்டும்.

அணி இன்னும் தகுதி பெறவில்லை. அதற்குள் ஏதாவது செய்து வைக்கலாமா?

பணம் திரும்ப வராத எதையும் செய்யாதீர்கள். 4 முறை உலகக் கோப்பை வென்ற இத்தாலி 2018-லும் 2022-லும் தகுதியே பெறவில்லை. அதுவும் 2022-ல் அவர்கள் நடப்பு யூரோ சாம்பியன்.

செலவில்லாத வேலைகள் சில இருக்கின்றன. பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயணம் முடிந்த பிறகும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பக்கங்கள் காலியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். உங்கள் நாட்டுக் கால்பந்துச் சங்கம் ரசிகர் மன்றம் நடத்தினால் இப்போதே சேர்ந்துவிடுங்கள். ஏன் என்பது டிக்கெட் கேள்வியில் வரும். அப்புறம், அலுவலகத்தில் யாரிடம் விடுப்பு கேட்க வேண்டுமோ அவரிடம் ஜாடைமாடையாகச் சொல்லி வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

எத்தனை ஆட்டங்களுக்குத் திட்டம் போடுவது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். நீங்கள் போடுவது ஒரு விசித்திரமான பயணத் திட்டம். எத்தனை நாள் பயணம், எந்த ஊருக்குப் பயணம் என்பதை 11 பேரின் கால்கள் முடிவு செய்கின்றன. உறுதியாக இருப்பவை குழுச் சுற்றின் 3 ஆட்டங்கள் மட்டுமே. அவற்றைப் பேனாவால் எழுதுங்கள். அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள்.

மனசு கேட்காது என்று தெரியும். "எங்கள் அணி கண்டிப்பாகக் காலிறுதி வரை போகும்" என்று 2014-ல் ஸ்பெயின் ரசிகர்களும் நினைத்திருப்பார்கள். நடப்பு உலகச் சாம்பியன், நடப்பு யூரோ சாம்பியன் இரண்டும் அவர்கள்தான். பிரேசிலில் இரண்டே ஆட்டங்களில் கதை முடிந்தது. மூன்றாவது ஆட்டம் வெறும் சம்பிரதாயம். 2018-ல் அதே நிலை ஜெர்மனிக்கு: கசான் நகரில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்று, குழுவில் கடைசி இடம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2016 யூரோவில் போர்ச்சுகல் மூன்று குழு ஆட்டங்களிலும் சமன் செய்து, மூன்றாம் இடத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. கடைசியில் கோப்பையையும் தூக்கியது. மூன்றாவது ஆட்டத்துக்கு மறுநாளே திரும்பும் விமானத்தைப் போட்டு வைத்த போர்ச்சுகல் ரசிகர் அந்த மாதம் முழுவதும் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

என் யோசனை: 3 குழு ஆட்டங்களுக்கும் டிக்கெட், அறை, பயணம் எல்லாம் உறுதி. அடுத்த சுற்றின் முதல் ஆட்டம் வரை தங்கும்படி விடுப்பு. அதற்கு மேல் எல்லாம் தேதி மாற்றவும் ரத்து செய்யவும் முடிகிறவை மட்டும்.

நாக் அவுட் சுற்றில் (தோற்றால் வெளியேற வேண்டிய கட்டத்தில்) எந்த ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். குழுவில் முதலிடம் பிடித்தால் எங்கே, இரண்டாமிடம் பிடித்தால் எங்கே என்பது அட்டவணையிலேயே இருக்கும். ஒரு தாளை எடுத்து மூன்று கோடு போட்டு எழுதிப் பாருங்கள். 2026-ல் 'ஏ' குழுவுக்கு அந்தத் தாள் இப்படி இருக்கும்:

முதலிடம் என்றால் ஜூன் 30, மெக்சிகோ சிட்டி.
இரண்டாமிடம் என்றால் ஜூன் 28, லாஸ் ஏஞ்சலஸ்.
மூன்றாமிடம் என்றால் ஜூன் 29-ல் பாஸ்டன், அல்லது ஜூலை 1-ல் சியாட்டில், அல்லது வீடு.

பாஸ்டன் கிழக்குக் கரை, சியாட்டில் மேற்குக் கரை. நடுவில் சுமார் 4,000 கிலோமீட்டர். இதில் இன்னொரு கொடுமை, 'ஏ' குழுவின் கடைசி ஆட்டங்கள் ஜூன் 24-ல் முடிந்துவிடும், ஆனால் குழுச் சுற்று முழுவதும் முடிவது ஜூன் 27-ல். 12 குழுக்களில் மூன்றாமிடம் பிடித்தவர்களில் சிறந்த 8 அணிகள் மேலே போகும். எந்த 8 குழுக்களிலிருந்து என்பதற்கு 495 வாய்ப்புகள் உண்டு, யாருக்கு யார் எதிரி என்பது அதைப் பொறுத்தது. அதாவது மூன்றாமிட அணியின் ரசிகர் மூன்று நாள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, மற்றவர்களின் ஆட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

2024 யூரோவில் ஹங்கேரி ரசிகர்களுக்கு இது நடந்தது. ஸ்காட்லாந்துக்கு எதிராக 100-வது நிமிடத்தில் கோல் அடித்து மூன்றாமிடம் பிடித்தார்கள். பிறகு மூன்று நாள் காத்திருப்பு. கடைசியில் மற்ற குழுக்களின் முடிவுகள் அவர்களை வெளியே தள்ளின.

காத்திருக்கும் அந்த நாள்களுக்கு அறை போடும்போது விமானப் போக்குவரத்து அதிகமுள்ள பெரிய நகரமாகத் தேர்ந்தெடுங்கள். எங்கே போகச் சொன்னாலும் அங்கிருந்து நேராகப் புறப்படலாம்.

டிக்கெட் எப்படி வாங்குவது?

வழிகள் மூன்று. முதலாவது, போட்டியை நடத்தும் அமைப்பின் இணையதளத்தில் நேரடி விற்பனை. முந்துகிறவருக்கு என்று இல்லாமல் பெரும்பாலும் குலுக்கல் முறையில் நடக்கும். விண்ணப்பக் காலம் திறந்த முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் ஒன்றுதான், நடுராத்திரியில் முழித்திருக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. குலுக்கலில் பெயர் வந்தால் கார்டிலிருந்து பணம் தானாகவே போய்விடும். அதற்குள் கார்டு காலாவதியாகியிருந்தாலோ, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி தடுத்தாலோ டிக்கெட் கைநழுவும். ஆசையில் ஏழெட்டு ஆட்டங்களுக்கு விண்ணப்பித்து எல்லாமே கிடைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டியதும் நீங்கள்தான்.

இரண்டாவது, உங்கள் நாட்டுக் கால்பந்துச் சங்கம் வழியாக. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு அணிகளின் சங்கங்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. 2026-ல் இது சங்கத்துக்கு 8 சதவீதம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் இந்த டிக்கெட்டுகள் ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்குத்தான் போகின்றன. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், மழையில் நனைந்துகொண்டு சின்னச் சின்னத் தகுதிச் சுற்று ஆட்டங்களுக்கெல்லாம் போனவர்களுக்குப் புள்ளிகள் சேர்ந்திருக்கும், வரிசையில் அவர்கள் முன்னால் நிற்பார்கள். நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். தொடருக்கு ஆறு மாதம் முன்பு சேர்ந்தவருக்கு அது கசக்கும், அவ்வளவுதான்.

சங்கம் வழியாக வாங்குவதன் நிஜமான லாபம் இருக்கை. சொந்த ரசிகர் கூட்டத்தின் நடுவில் நிற்பீர்கள். 90 நிமிடமும் பாட்டு, யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, அதிகாரப்பூர்வ மறுவிற்பனைத் தளம். அணிகள் வெளியேற வெளியேற அங்கே டிக்கெட்டுகள் வந்து விழும். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு பொறுமையாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்கிறது. கமிஷனைக் கவனியுங்கள். 2026-ல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தளம் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் என்று வைத்திருக்கிறது.

வாசலில் நின்று விற்பவர்களிடமும், சமூக ஊடகத்தில் "ஒரு டிக்கெட் அதிகமாக இருக்கிறது" என்று எழுதுபவர்களிடமும் வாங்கலாமா என்று கேட்காதீர்கள். இப்போது டிக்கெட் கைபேசிச் செயலியில்தான் வருகிறது. அவர் காட்டும் படம் வெறும் படம்.

அந்த நாட்டுக் குடிமகன் இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து அர்ஜென்டினாவின் ரசிகன். எனக்கு என்ன வழி?

சங்க ஒதுக்கீடு உங்களுக்குக் கிடைப்பது கடினம். சில சங்கங்கள் வெளிநாட்டவரை ரசிகர் மன்றத்தில் சேர்க்கின்றன, பல சேர்ப்பதில்லை. பொது விற்பனையில் ஒரே அணியின் ஆட்டங்களைத் தொடர்ச்சியாகத் தரும் தொகுப்பு சில தொடர்களில் விற்கப்படும். அது இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் குலுக்கலில் அந்த அணியின் ஆட்டத்தை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியதுதான். ஒரு கசப்பான உண்மை: பெரிய அணியின் ஆட்டத்துக்குத்தான் உலகமே விண்ணப்பிக்கும். மூன்று குழு ஆட்டங்களில் ஒன்று கிடைத்தாலே நல்ல அறுவடை.

டிக்கெட் இருந்தால் விசா தானாகக் கிடைத்துவிடுமா?

இல்லை. இந்தத் தவறான நம்பிக்கைக்குக் காரணம் ரஷ்யாவும் கத்தாரும். 2018-ல் ரஷ்யா டிக்கெட் வாங்கியவர்களுக்கு ரசிகர் அடையாள அட்டை கொடுத்தது. விசாவுக்குப் பதில் அதுவே போதும். ஊர்களுக்கு இடையே இலவச ரயிலும் விட்டார்கள். 2022-ல் கத்தாரின் ஹய்யா அட்டையும் அப்படித்தான். எல்லா நாடுகளும் இப்படிச் செய்வதில்லை.

2026-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் அவரவர் குடிநுழைவு விதிகள்தான். டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா நேர்காணல் தேதியைச் சீக்கிரம் கொடுக்க ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அது தேதிக்குத்தான், விசாவுக்கு உத்தரவாதம் இல்லை.

எத்தனை முறை நுழையலாம் என்பதையும் பாருங்கள். தென்னாப்பிரிக்கா அணியின் அட்டவணை: ஜூன் 11 மெக்சிகோ சிட்டி, ஜூன் 18 அட்லாண்டா, ஜூன் 24 மான்டெரே. மெக்சிகோவுக்குள் போய், அமெரிக்காவுக்கு வந்து, மறுபடி மெக்சிகோ. ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவை வைத்துக்கொண்டு இந்தப் பயணத்தைச் செய்ய முடியாது.

ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ வரை மருத்துவச் செலவைத் தாங்கும் காப்பீடு கட்டாயம். 2028 யூரோவுக்கு இது உதவாது. அது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடக்கிறது, இரண்டுமே ஷெங்கனில் இல்லை. 2030 உலகக் கோப்பையில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஷெங்கன், மொராக்கோ வேறு.

ஒரே ஊரில் தங்கிப் போய்வருவதா, அணியோடு ஊர் ஊராக நகர்வதா?

நாட்டின் பரப்பளவைப் பொறுத்தது. கத்தாரில் 8 மைதானங்களும் தோஹாவிலும் அதைச் சுற்றியும்தான். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்த்தவர்கள் உண்டு. 2024-ல் ஜெர்மனியில் நல்ல ரயில் இணைப்பு இருந்ததால், நடுவில் ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு போய்வர முடிந்தது. ஆட்ட டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஊரில் 36 மணி நேரம் உள்ளூர்ப் போக்குவரத்து இலவசம்.

2018 ரஷ்யா, 2014 பிரேசில், 2026 வட அமெரிக்கா போன்ற இடங்களில் நகர்ந்துதான் ஆக வேண்டும். அப்போது ஒரே ஒரு யோசனை: பெட்டியைச் சிறிதாக்குங்கள். 3 ஊர், 3 அறை, 6 விமான நிலையங்கள் என்று அலையும்போது பெரிய பெட்டி ஒரு குழந்தையைப் போல. எங்கே போனாலும் அதற்கு ஓர் இடம் தேட வேண்டும்.

அறையை எப்போது போடுவது? விலை குறையும் என்று காத்திருக்கலாமா?

குலுக்கலுக்கு முன்பே, ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் அறைகளாகப் பார்த்து, உங்கள் அணி வரக்கூடிய இரண்டு மூன்று ஊர்களில் போட்டு வையுங்கள். குலுக்கல் முடிந்ததும் வேண்டாததை விடுங்கள். ரத்து செய்யக் கடைசித் தேதியைக் கைபேசியில் அலாரமாக வைக்காதவர்கள் அழுதிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு முறை, ஆட்டத்துக்கு நான்கு மாதம் முன்பு "தொழில்நுட்பக் கோளாறால் உங்கள் பதிவு ரத்தாகிறது" என்று ஒரு விடுதியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதே அறை அதே நாளுக்கு மூன்று மடங்கு விலையில் அப்போதும் தளத்தில் இருந்தது. கோளாறு எதில் என்று புரிந்தது. அதிலிருந்து பதிவு செய்த மறுவாரமே விடுதிக்கு எழுதி, தேதியையும் விலையையும் அவர்கள் வாயாலேயே உறுதிசெய்து வாங்கிக்கொள்கிறேன்.

காத்திருந்தால் விலை குறையுமா? சில ஊர்களில் கடைசி வாரத்தில் குறையும். குறையாமலும் போகும். இரண்டு பேர் என்றால் துணிந்து பார்க்கலாம், குடும்பத்தோடு வேண்டாம்.

மைதானம் அந்த ஊரிலேயேதானே இருக்கும்?

பெயரை நம்பாதீர்கள். 2026-ல் "டல்லாஸ்" மைதானம் இருப்பது ஆர்லிங்டனில், டல்லாஸ் நகர மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். "பாஸ்டன்" மைதானம் ஃபாக்ஸ்பரோவில், சுமார் 45 கிலோமீட்டர். "சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா" மைதானம் சான்டா கிளாராவில், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அதிகம். இறுதி ஆட்டம் நடக்கும் "நியூயார்க் நியூஜெர்சி" மைதானம் ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்சி மாநிலத்தில். நகர மையத்தில் அறை எடுத்துவிட்டு "நடந்தே போய்விடலாம்" என்று நினைத்தால் தீர்ந்தது.

அப்புறம் பெயர்க் குழப்பம். விளம்பர நிறுவனங்களின் பெயரைத் தாங்கிய மைதானங்களைப் பெரிய தொடர்களில் வேறு பெயரால்தான் அழைப்பார்கள். முனிக்கின் அலையன்ஸ் அரீனா 2024 யூரோவில் முனிக் கால்பந்து அரீனா ஆனது. டிக்கெட்டில் ஒரு பெயர், வரைபடச் செயலியில் ஒரு பெயர், டாக்சி ஓட்டுநர் வாயில் இன்னொரு பெயர். வழக்கமான பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்து எப்படித் திரும்புவது என்பதை, எப்படிப் போவது என்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். போகும்போது கூட்டம் நான்கு மணி நேரத்தில் சிறுகச் சிறுக வரும். திரும்பும்போது ஒரே நேரத்தில் வெளியே கொட்டும். 2024-ல் கெல்சன்கிர்சன் நகரில் இங்கிலாந்து - செர்பியா ஆட்டம் முடிந்து ரசிகர்கள் டிராமுக்கும் ரயிலுக்கும் மணிக்கணக்கில் நின்றார்கள். கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி ரயில் உங்கள் பெனால்டிக்காகக் காத்திருக்காது.

விமான டிக்கெட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

போகும் ஊர் வேறு, திரும்பும் ஊர் வேறாக எடுங்கள். முதல் ஆட்டம் நடக்கும் ஊரில் இறங்கி, கடைசியாக இருக்கப்போகும் ஊரிலிருந்து ஏறுங்கள். திரும்பும் தேதியை மாற்ற அனுமதிக்கும் டிக்கெட் கொஞ்சம் அதிக விலை என்றாலும் இந்தப் பயணத்துக்கு அதுதான் சரி. ஆட்ட நாளன்று காலையில் போய் இறங்கும் விமானம் வேண்டாம். ஒரு நாள் முன்பே போய்விடுங்கள்.

ஆட்ட நேரம் எந்த ஊர் நேரம்?

மைதானம் இருக்கும் ஊரின் நேரம் என்று எடுத்துக்கொண்டு, உங்கள் நாட்டுச் செய்தித்தாளில் போட்டிருக்கும் நேரத்தை மறந்துவிடுங்கள். அதில் தேதியே ஒரு நாள் தள்ளிப் போயிருக்கலாம். இன்னொரு பொறி: மெக்சிகோ 2022-ல் கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டுவிட்டது. அதனால் ஜூனில் மெக்சிகோ சிட்டி, டல்லாஸைவிட ஒரு மணி நேரம் பின்னால்.

வாசலில் என்ன நடக்கும்? என்ன கொண்டுபோகலாம்?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு 50 நிமிடம் இருக்கிறது. உங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான பேர், எல்லோரும் ஒரே கோபுரத்தின் சிக்னலைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். டிக்கெட் செயலியைத் திறக்கிறீர்கள். "மறுபடி உள்நுழையவும்" என்கிறது. கடவுச்சொல் போடுகிறீர்கள். "உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்" என்கிறது. அந்த எண் ஊரிலிருந்து கொண்டுவந்த சிம்மில் இருக்கிறது. உள்ளூர் சிம் போடுவதற்காக அதைக் கழற்றி அறையில், மேசை விளக்குக்குக் கீழே பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

இதைத் தவிர்ப்பது எளிது. அறையை விட்டுக் கிளம்பும் முன் வைஃபையில் செயலியைத் திறந்து, டிக்கெட்டைத் தரவிறக்கி, வெளியேறாமல் விட்டுவிடுங்கள். பழைய சிம்மைக் கைபேசியிலேயே வைத்து, புதியதை இசிம்மாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், க்யூஆர் குறி மாறிக்கொண்டே இருக்கும், அல்லது மைதானத்தின் அருகே போனால்தான் உயிர் பெறும். பவர் பேங்க் கட்டாயம். நான்கு டிக்கெட்டும் ஒருவர் கைபேசியில் இருந்தால் நான்கு பேரும் சேர்ந்தேதான் உள்ளே போக முடியும். முந்தின நாளே அவரவர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

பை விஷயத்தில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதம். அமெரிக்க மைதானங்களில் பல, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையைத்தான் விடுகின்றன. விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக மைதானத்துக்கு வராதீர்கள். கொடிக்கும் பேனருக்கும் அளவு வரம்பு உண்டு, கொடிக்கம்புக்கும் உண்டு. சிறு குழந்தைக்கும் தனி டிக்கெட் கேட்பார்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பது பெரும்பாலும் எடுபடாது.

வானிலை பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

வட அமெரிக்கக் கோடையில் வேண்டும். 2025 கிளப் உலகக் கோப்பையில், சார்லட் நகரில் செல்சி - பென்ஃபிகா ஆட்டம் இடி மின்னல் காரணமாகக் கிட்டத்தட்ட 2 மணி நேரம் நின்றது. அருகில் மின்னல் என்றால் ரசிகர்களையும் கூரைக்கு அடியில் போகச் சொல்வார்கள். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இறங்கிய முதல் நாள் படியேறினாலே மூச்சு வாங்கும். அன்றைக்கு ஊர் சுற்றாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள்.

எதிரணி ரசிகர்கள், கூட்டம், பாதுகாப்பு?

பெரும்பாலான இடங்களில் எதிரணி ரசிகர்களோடு சேர்ந்து பாடிவிட்டுத்தான் வருவீர்கள். உலகக் கோப்பையின் சுகமே அதுதான். ஆனாலும் எதிரணிக்கென ஒதுக்கிய பகுதியில் டிக்கெட் கிடைத்தால் உங்கள் ஜெர்சியோடு போகாதீர்கள், சில தொடர்களில் உள்ளேயே விடமாட்டார்கள்.

ரசிகர்களைவிட நெரிசல்தான் ஆபத்து. 2024 கோபா அமெரிக்கா இறுதி ஆட்டத்தன்று மியாமியில் டிக்கெட் இல்லாதவர்கள் வாசலில் முண்டியடித்ததால் ஆட்டமே ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போகவே முடியவில்லை. பெரிய ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். முன்னால் நெரிசல் தெரிந்தால் ஒதுங்கி நில்லுங்கள், முதல் 10 நிமிட ஆட்டம் போனால் போகட்டும்.

உள்ளூர்ச் சட்டம் கடைசி நேரத்திலும் மாறும். 2022-ல் தொடர் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது கத்தார் மைதானங்களைச் சுற்றி மது விற்பனையை நிறுத்தியது. பாஸ்போர்ட் நகலை மின்னஞ்சலில் போட்டு வையுங்கள், அசலை ஆட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதை அந்தந்தத் தொடரின் விதியில் பாருங்கள்.

பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது?

இரண்டு கணக்கு. குழுச் சுற்றுக்கு ஒன்று, நாக் அவுட்டுக்கு ஒன்று. இரண்டாவதைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். இரண்டாவது ஆட்டத்தில் வென்ற இரவு, மூன்றாவது ஜெர்சியும் நான்காவது ஸ்கார்ஃபும் மிக அவசியமாகத் தெரியும். காலிறுதி, அரையிறுதி என்று போகப் போக எவ்வளவு வரை செலவு செய்வீர்கள் என்ற எல்லையை வீட்டில் இருக்கும்போதே, வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மைதானத்துக்கு வெளியே, தொண்டை கட்டிய நிலையில், அந்த முடிவை எடுக்கக் கூடாது.

டிக்கெட்டே கிடைக்கவில்லை. அப்படியும் போகலாமா?

போகலாம். 2006-ல் ஜெர்மனியில் பெரிய திரைகளோடு ரசிகர் திடல்கள் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கிய பிறகு, டிக்கெட் இல்லாமல் போவதும் ஒரு மரியாதையான பயணம் ஆகிவிட்டது. நெதர்லாந்து ரசிகர்கள் ஆரஞ்சு நிறப் பேருந்தின் பின்னால் ஆடிக்கொண்டே மைதானம் வரை நடக்கும் ஊர்வலத்தில் நடக்க யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஒரு வாரம் மட்டும் போவதாக இருந்தால் குழுச் சுற்றின் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லா நாட்டுக் கூட்டமும் ஊரில் இருக்கும், யாரும் இன்னும் வெளியேறியிருக்க மாட்டார்கள். மறுவிற்பனைத் தளத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அணி வெளியேறிவிட்டது. மிச்சமுள்ள டிக்கெட்டையும் நாள்களையும் என்ன செய்வது?

அன்று இரவு எதையும் முடிவு செய்யாதீர்கள், ஒன்றைத் தவிர: ரத்து செய்யக்கூடிய அறைகளின் கெடு நள்ளிரவோடு முடிகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அணியோடு இணைந்த டிக்கெட் என்றால் விதியைப் படியுங்கள். சிலவற்றில் அணி போகாவிட்டால் பணம் திரும்பும், சிலவற்றில் உங்களை வென்ற அணியின் ஆட்டத்துக்கு அதே டிக்கெட் செல்லும். தனி டிக்கெட் என்றால் காலையில் முதல் வேலையாக மறுவிற்பனைத் தளத்தில் போடுங்கள். உங்களை வென்ற அணியின் ரசிகர்கள் அந்த நேரத்தில் வெறியோடு தேடிக்கொண்டிருப்பார்கள். விற்க மனமில்லையா, ஜெர்சியை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, சாதாரணச் சட்டையில் போய் அந்த ஆட்டத்தைப் பாருங்கள். யார் வென்றாலும் பரவாயில்லை என்ற நிலையில் உலகக் கோப்பை ஆட்டத்தைப் பார்ப்பது ஒரு தனி ரகம். இரண்டாம் பாதியில் யாராவது ஒரு சின்ன அணியின் பக்கம் கத்த ஆரம்பித்திருப்பீர்கள்.